பட்டறைக்கும் கருவறைக்கும் இடையே

மனிதன் தன் கையால் செய்த பொருள் எந்தக் கணத்தில் செய்பொருளாக இருப்பதை விட்டு வணங்குபொருளாகிறது என்ற வினா, உருவ வழிபாட்டை மறுப்போரின் கேலியாகவே வரலாற்றில் மிகுதியும் ஒலித்திருக்கிறது. ஒரே மரத்தில் பாதியை அடுப்பெரித்துக் குளிர் காய்ந்தவன் மீதியைத் தெய்வமாக்கித் தொழுகிறான் என்று எபிரேய மறையின் ஏசாயா நூல் எள்ளுகிறது. நட்டு வைத்த கல்லைச் சுற்றி வருவோரைச் சிவவாக்கியர் எள்ளியதும் அதே வகையைச் சேர்ந்தது. இந்தக் கேலியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: செய்தவனுக்குத் தெரிந்த உண்மை தொழுபவனுக்குத் தெரியாது என்பதுதான் அது. தமிழர் கோவில் மரபோ அந்த உண்மையை மறைக்க முயன்றதே இல்லை. செய்தவன் யார், எதனால் செய்தான், எந்த நாளில் அந்தப் பொருளை விட்டு விலகினான் என்பதையெல்லாம் சடங்காகவே வகுத்து, ஊரறியச் செய்துகாட்டும் மரபு அது.

ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறிய மலையூர்களில் அவர்களுடைய கூடங்களைச் சென்று காண்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள பழக்கம் என்பதால், இந்த வினா வேறொரு வடிவத்திலும் எழுகிறது. இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கரில், 1928 முதல் 1947இல் மறையும் வரை வாழ்ந்த ரஷ்ய ஓவியர் நிகோலஸ் ரோரிக்கின் இல்லம் இப்போது ஓவியக் காட்சியகமாக இருக்கிறது. அதே வளாகத்தில், குதிரைமீது அமர்ந்த குகா சௌஹான் முதலிய அவ்வட்டாரத் தெய்வங்களின் கற்சிலைகளும் நிற்கின்றன. சுவருக்கு உள்ளே இருப்பதைக் கண்டு வியப்பதும் வெளியே இருப்பதைக் கண்டு கைகூப்புவதும் ஒரே வருகையில் நிகழக்கூடியவை. அவ்விரண்டையும் செய்பவை ஒரே இணைக் கண்கள்தான்.

தமிழர் குடியேறி வாழும், மலேசியாவின் தென்கோடி மாநிலமாகிய ஜொகூரிலும் மலை இருக்கிறது. 1,276 மீட்டர் உயர்ந்து, இளவரசி ஒருத்தியின் மலாய்க் கதையைச் சுமந்து நிற்கும் குனோங் லேடாங் அது. ஆனால் ஜொகூர்த் தமிழரின் கோவில்களை நிரப்பும் கலை அங்கிருந்து இறங்கி வருவதன்று. அதன் வேர்களுள் ஒன்று, பெயரில் மட்டும் மலையை வைத்துக்கொண்டு காவிரிச் சமவெளியில் அமர்ந்திருக்கும் சுவாமிமலையில் இருக்கிறது. அங்குள்ள முருகன் கோவிலே கட்டுமலை, அதாவது மண்ணையும் கல்லையும் கொண்டு மனிதர் எழுப்பிய குன்று. தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகளேறி அதன் உச்சியை அடையலாம். தெய்வத்தை மட்டுமன்றித் தெய்வம் நிற்கும் மலையையும் செய்துகொண்ட ஊர் ஒன்றில் உலோகத் திருமேனி வார்க்கும் தொழில் செழித்திருப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

அவ்வூர்ப் பட்டறைகளில் வேலை மெழுகில் தொடங்குகிறது. ஸ்தபதி, அதாவது சிற்ப நூல் கற்ற தலைமைச் சிற்பி, திருமேனியின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, தால அளவுப்படி அதை மடித்து மடித்துக் குறியிட்டுக்கொள்கிறார். இதற்கு ஒடியோலை என்று பெயர். தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட உடலளவு முறை. அதில் மேலானதாகக் கொள்ளப்படும் உத்தம தசதாலம் முழு உருவத்தையும் 124 கூறுகளாகப் பிரிக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கிப் பிசைந்த கலவையில் உருவத்தைச் செய்து, ஆற்று வண்டலால் அதைப் பூசி மூடிச் சூடேற்றினால், மெழுகு உருகி வெளியேறி அதன் இடத்தில் ஒரு வெறுமை மிஞ்சும்; அந்த வெறுமைக்குள்தான் உலோகம் ஊற்றப்படுகிறது. குங்கிலியம் மரப்பிசின் வகை. மலாய் மொழி டாமார் என்று அழைக்கும் அப்பண்டம் தீபகற்பக் காடுகளின் பழைய வணிகப் பொருள்களில் ஒன்று. இதே மெழுகும் குங்கிலியமும் பிற்பாடு கருவறையிலும் தென்படுகின்றன. கல்லாலான மூலவரைப் பீடத்தோடு இறுக்கிப் பிணைக்கும் எட்டுப் பொருள் கலந்த மருந்தாகிய அஷ்டபந்தனத்தில் அவை இரண்டும் இடம்பெறுகின்றன. ஓரிடத்தில் உருகி மறைவதற்காகவும் இன்னோரிடத்தில் உறைந்து நிலைப்பதற்காகவும் ஒரே பொருள் பயன்படுவதை மரபு வேண்டுமென்றே அமைத்ததா என்று சொல்ல இயலாது. எனினும் சிந்திப்பவருக்கு அது நல்ல தீனி.

பட்டறையில் இருக்கும்வரை அந்த உருவத்துக்கு விலை உண்டு, எடை உண்டு. வருவோர் அதைத் தொடலாம், தட்டிப் பார்க்கலாம், மூக்கு சற்றுத் தடித்திருக்கிறது என்று குறை சொல்லலாம். இது எதுவும் அபசாரம் ஆவதில்லை. அப்படியானால் இறை அங்கே இல்லையா என்று கேட்டால், எங்கும் நிறைந்த ஒன்று பட்டறையில் மட்டும் எப்படி இல்லாமற்போகும் என்ற எதிர்க்கேள்வி வரும். இந்த முரணுக்குச் சைவ சித்தாந்தம் 13ஆம் நூற்றாண்டிலேயே கூர்மையான விடை வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் நூற்பாவில் கோவிலைச் சிவமாகவே வணங்கச் சொல்கிறது. அதற்கான விளக்கத்தில், இறைவன் திருவேடத்திலும், அதாவது அடியார் கோலத்திலும், கோவிலிலும் தயிரில் நெய்போலவும் ஏனைய இடங்களில் பாலில் நெய்போலவும் இருக்கிறான் என்ற உவமை வருகிறது. பாலிலும் நெய் இருக்கிறது. ஆனால் பாலைக் கடைந்தால் நெய் திரளாது. உறையிட்ட பின், உரிய பதத்தில் கடைந்தால்தான் திரளும். இவ்வுவமையின் நுட்பம், இருப்பதையும் வெளிப்படுவதையும் அது பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. சடங்கு புதிதாக எதையும் கொண்டுவந்து திணிப்பதில்லை, உறை மட்டும் இடுகிறது.

உறையிடும் அந்தச் சடங்கின் மையம் கண் திறப்பு. வடமொழி நூல்கள் இதை நயனோன்மீலனம் என்கின்றன. பொன் ஊசியாலும் வெள்ளி உளியாலும் கருவிழியின் கோடுகளை இறுதியாக இழுத்து முடிக்கும் அச்செயல், சிற்பி செய்யும் கடைசி வேலையும் திருமேனி பெறும் முதல் புலனும் ஆகும். திறந்த கண்ணின் முதல் பார்வை மங்கலமான பொருள்கள்மீது பட வேண்டும் என்பதற்காகப் பசுவும் கன்றும், கன்னியர், தானியக் குவியல், கண்ணாடி ஆகியவை முன்னே நிறுத்தப்படுகின்றன. இலங்கைச் சிங்கள பௌத்தரிடையே இச்சடங்கு இன்னும் ஒரு படி கடுமையானது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அதை விவரித்திருக்கிறார்: கண் தீட்டும் கலைஞன் புத்தரின் முகத்தை நேரே பார்ப்பதில்லை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே தீட்டுகிறான். அதுவரை மாதக்கணக்கில் அம்முகத்தை உற்று நோக்கித் திருத்தியவனே, கடைசிக் கோட்டில் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்ப்பவன் பார்க்கப்படுபவனாக மாறும் எல்லைக்கோட்டில் கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கண்ணாடியைக் கோவில் முழுவதற்கும் விரித்துவிட்ட இடம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. தெப்ராவ் சாலையை அடுத்து, இரயில் பாதையருகே, 1922இல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோவிலுக்கு நிலம் அளித்தவர் ஜொகூர் சுல்தான். பாங்காக்கில் கண்ட பௌத்த ஆலயக் கண்ணாடி வேலையால் கவரப்பட்ட அதன் தலைமைக் குருவின் முயற்சியில், 2009இல் அது கண்ணாடிக் கோவிலாக உருமாறியது. மறு ஆண்டே நாட்டின் முதல் கண்ணாடிக் கோவில் என மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. சுவர், தூண், விதானம் என எங்கும் சுமார் 3,00,000 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆத்மலிங்கச் சன்னதியின் சுவர்களில் நேபாளத்திலிருந்து வந்த உருத்திராக்க மணிகளும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மந்திரம் ஓதியே பதிக்கப்பட்டது என்று கோவில் தரப்பு கூறுகிறது. அக்கூற்றை ஏற்றால், வழக்கமாக அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்கள், அதாவது கைவேலையும் அதைப் புனிதமாக்கும் சடங்கும், அங்கே ஒரே அசைவில் இணைந்துவிட்டன. புத்தர், அன்னை தெரசா உள்ளிட்டோரின் வெண் சலவைக்கல் உருவங்களும் அங்குண்டு. ஆகமம் வகுத்த தெய்வத் திருமேனிகளின் வரிசையில் சேராத அவற்றின்முன் வருவோர் வணங்குவதா, வெறுமனே பார்ப்பதா என்று சற்றே தயங்கினால் அதில் வியப்பில்லை.

இக்கோவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி நேரமும் நுழைவுக் கட்டணமும் வைத்திருக்கிறது. வழிபாட்டிடத்தைக் காட்சியகமாக்கிவிட்டார்கள் என்று இதைக் குறைகூறுவது எளிது. அக்குறையில் பாதி நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் குறைக்கு அடியில் இருப்பது, அழகைக் காணும் கண்ணும் அருளைக் காணும் கண்ணும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற ஐரோப்பியக் கருத்து. அழகு பற்றிய தீர்ப்பு பயன் கருதாததாக, பொருளின்மீது பற்றில்லாததாக இருக்க வேண்டும் என்றார் காண்ட். கிரேக்கத் தெய்வச் சிலைகளை எவ்வளவு வியந்தாலும் நவீன மனிதன் அவற்றின்முன் மண்டியிடுவதில்லை என்பதைக் கலையின் வரலாற்றுத் திருப்பமாகவே ஹெகல் கண்டார். ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம். தமிழ்க் கோவிலிலோ அலங்காரத்தை விமரிசித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தரை எந்த வெள்ளிக்கிழமையிலும் காணலாம். புடவைக் கட்டு நேற்றுப்போல் அமையவில்லை என்று சொல்லும் வாயே அடுத்த நொடியில் அம்மா என்கிறது.

1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களைப் பேணிவந்த குமாரசுவாமி, பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளை அப்பயனிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அதன் பொருளையே இழக்கச் செய்வது என்று வாதிட்டார். அவர் கண்ட குறை சரியானதே. ஆனால் வேறுபாடு எங்கே விழுகிறது என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். அருங்காட்சியகம் ஒரு செப்புத் திருமேனிக்குச் சீரான வெப்பமும் ஈரப்பதமும் தருகிறது; கோவில் சோறு தருகிறது. கண் திறந்த உருவத்துக்கு நாள்தோறும் நீராட்டும் ஆடையும் விளக்கும் அமுதும் கடன், அது தவறினால் கழுவாய் உண்டு, உரிய சடங்கால் மறுபடி சுத்திகரிக்கவும் வேண்டும். ஆகவே ஒரு செய்பொருள் தெய்வமாவது, அதற்கு உணவளிக்கக் கடமைப்பட்ட ஒருவர் உருவாகும் கணத்தில்தான் எனலாம். கண் திறப்பின் உண்மையான விளைவு சிலையைவிட எதிரே நிற்பவரிடமே மிகுதியாக நிகழ்கிறது.

இந்தக் கடமை எவ்வளவு நீளமானது என்பதை இலண்டன் நீதிமன்றம் ஒன்று எதிர்பாராமல் ஆராய நேர்ந்தது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் கைமாறிக் கடல் கடந்து, கனடா நிறுவனம் ஒன்றின் உடைமையான பின், தொடரப்பட்ட வழக்கில் உரிமை கோரியோரின் பட்டியலில் பாழடைந்த கோவிலும் அங்கிருந்த சிவலிங்கமும் இடம்பெற்றன. நூற்றாண்டுகளாகப் பூசையற்றுக் கிடந்தும் கோவிலின் உரிமை அழியவில்லை என்ற தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. இப்படி மீட்கப்பட்டவையும் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்டவையுமான திருமேனிகள் பல, திருவாரூர் போன்ற இடங்களின் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டிருப்பது இக்கதையின் கசப்பான பின்குறிப்பு: உரிமை திரும்பியது, சோறு திரும்பவில்லை.

ஜொகூரில் இதே சிக்கல் தோட்டங்களில் எழுந்தது. ஆள்சேர்த்த கங்காணிகளோடு வந்த தொழிலாளர் இரப்பர் மரங்களுக்கிடையே ஒரு சூலத்தையோ கல்லையோ நட்டு மாரியம்மனாகவும் முனியாண்டியாகவும் வணங்கினர். ஸ்தபதியும் தாலமும் அங்கே இல்லை, கடமை மட்டும் இருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு, அவர்கள் குடியிருந்த லயங்கள் காலியானபோது, அந்தச் சாமிக்கு இனி யார் பொங்கலிடுவது என்ற கேள்விதான் பலரை வருத்தியது. சில இடங்களில் சாமியும் குடும்பங்களோடு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அழகால் எந்தக் காட்சியகத்திலும் இடம்பெற முடியாத ஒரு கல்லை அப்படிச் சுமந்துவந்தவர்களின் செயல், மேலே கண்ட வரையறையை நூல்களைவிடத் தெளிவாக நிறுவுகிறது.

நகரத்தில் எழுந்த கோவில்களுக்கோ தமிழகத்திலிருந்து சிற்பிகள் வேலை அனுமதிச் சீட்டோடு வருகிறார்கள். கலைக்கூடத்தைத் தேடி மக்கள் போகும் மலையூர் வழக்கத்துக்கு மாறாக, இங்கே கலைக்கூடமே மக்களைத் தேடி வந்து கோவிலுக்குள் இறங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் என்ற சடங்கு நடைபெறும். திருமேனியில் நிறைந்திருந்த ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து, அதாவது ஈர்த்தெடுத்து, குடத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து தற்காலிகமாக ஒரு மரப்பலகைக்கோ சிற்றுருவுக்கோ இடம்பெயர்ப்பார்கள். அதன்பின் கோபுரத்துச் சுதை உருவங்கள், அதாவது செங்கல்லும் சாந்தும் கொண்டு செய்தவை, வெறும் சுதையே. சாரத்தில் ஏறிய சிற்பி அம்மனின் தோளில் கால் ஊன்றி நின்று கிரீடத்தை உடைத்துப் புதிதாக வளர்க்கலாம். தெய்வங்களின் கன்னத்தில் வண்ணம் எடுபடவில்லை என்று திருப்பணிக் குழுவினர் கீழிருந்து கூச்சலிடலாம். கலைநோக்குக்கு மரபு சட்டப்படி ஒதுக்கித் தந்த பருவம் இது. தெய்வத்தை வேறிடத்தில் அமர்த்திவிட்டு, கைவேலையைக் கைவேலையாகவே பார்க்கக் கோவில் தன்னைத்தானே திறந்துவிடுகிறது.

குடமுழுக்குக்கு முன் அந்தப் பருவம் முடிகிறது. ஸ்தபதிக்குப் பரிவட்டம் கட்டி, ஆடையும் சம்பாவனையும் தந்து, பணி நிறைந்தது என்று விடைகொடுக்கிறார்கள். மறுநாள் காலை கலசத்தில் நீர் வார்க்கப்படும்போது, சில வாரங்களுக்கு முன் அம்மனின் தோளில் நின்றவர் கூட்டத்தோடு கீழே நின்று, மேலிருந்து தெளிக்கப்படும் நீரின் ஒரு துளிக்காக முகத்தை உயர்த்திக்கொண்டிருப்பார்.