தோன்றாத குறை, நீங்கிய குறையா?

ஓடவே ஓடாத எஞ்சின் தன் குறையை மறைப்பதில்லை. சில வேளைகளில் மட்டும் தலைகாட்டி, தேடும்போது ஒளிந்துகொள்ளும் பழுதுதான் மனிதனின் அறிவையும் நேர்மையையும் ஒருங்கே சோதிக்கிறது.

மகாராஷ்டிரத்தில் லோணாவளாவில் வசித்து, மலையடிவாரத்துக் கோப்போலியில் பணிபுரியும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். அவருடையது கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள். காலையில் பழைய மும்பை–புணே சாலையில் இறங்கும்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது. மாலையில் கண்டாலா மலையில் ஏறும்போதோ சில நாள்களில் ‘மிஸ்ஸிங்’ ஏற்படுகிறது. எஞ்சின் துடிப்பு இடையிடையே விட்டுப்போய், இழுவை சட்டெனக் குறைகிறது. லாரியை முந்தும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால், அந்த ஒரு கணமே உயிரைக் குடிக்கப் போதும். ஆனால் பட்டறைக்குக் கொண்டு சென்றால், வண்டி சாதுவாக நின்று சீராக ஒலிக்கிறது.

காக்கையும் பனம்பழமும்

முதலில் பார்த்த மெக்கானிக் ஒரே நாளில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டார். இரண்டு நாள் தொல்லை இல்லை. ஆசிரியர் நிம்மதி அடைந்தார். மூன்றாம் நாள் ஏற்றத்தில் மீண்டும் அதே மிஸ்ஸிங். நடுவில் அந்த இரு நாள்களும் குளிர்ந்த காற்று வீசியதை எவரும் கருதவில்லை.

பனைமரத்தில் காக்கை அமர்ந்த வேளையில் பழம் விழ, காக்கையே பழத்தை வீழ்த்தியதுபோல் தோன்றும் தற்செயலை ‘காகதாலீய நியாயம்’ என்று நம் முன்னோர் குறித்தனர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. மேலும், மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் மாற்றியவருக்கு, பழுது நீங்கியிருந்தாலும் எதனால் நீங்கியது என்பது தெரிந்திருக்காது.

அந்த மெக்கானிக் வஞ்சகர் அல்லர். பொருளை மாற்றினால் கூலி உண்டு. யோசிப்பதற்குக் கூலி தருவார் இல்லை. ‘இன்னும் தெரியவில்லை’ என்ற சொல்லைப் பொறுக்க மாட்டாத வாடிக்கையாளருக்கும் இத்தவறில் பங்கு உண்டு.

கேள்வியே முதற்கருவி

அடுத்துப் பார்த்த முதிய மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத் தொடுத்தார். எஞ்சின் சூடான பிறகா? மழையிலா, வெயிலிலா? ஹேண்டிலைத் திருப்பும்போதா? மேடுபள்ளத்திலா? டாங்க்கில் பெட்ரோல் குறையும்போதா? ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு காரணம் நின்றது. ஹேண்டிலைத் திருப்பும்போது வந்தால், ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். மழையில் வந்தால், பிளக் ஒயரில் மின்சாரம் கசியலாம். பிறகு அவர், “பழுது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும், ஐயா” என்று சொல்லி, மாலையில் ஆசிரியருடன் மலை ஏறினார்.

மிஸ்ஸிங் தொடங்கி எஞ்சின் நின்றவுடன் டாங்க் மூடியைத் திறந்தார். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், உள்ளே காற்றை இழுக்கும் ஓசை கேட்டிருக்கும், கேட்கவில்லை. மூடியை இறுக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உலோகத்தில் படவைத்துக் கிக்கரை உதைத்தார். பொறி மங்கலாக வந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தபோது, நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. சூடு ஏறினால் பொறி தளர்கிறது என்பது விளங்கியது. அவருடைய ஐயம் இக்னீஷன் காயிலின்மேல் சென்றது. காயிலுக்குள் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன் காப்புப்பூச்சு பழுதுபட்டால், சூட்டில் மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுவதால், பொறி தாவ மேலும் உயர்ந்த வோல்டேஜ் வேண்டும். ஆகவேதான் சமதளத்தில் மறைந்த குறை மலையில் வெளிப்பட்டது.

அவர் வேறொரு நல்ல காயிலை மட்டும் பொருத்தினார். மறுநாள் மாலை வண்டி தடையின்றி ஏறியது. ஆசிரியர் பணத்தை எடுத்தார். முதியவரோ பழைய காயிலை மீண்டும் மாட்டத் தொடங்கினார்.

“சரியாகிவிட்டதே, இன்னும் எதற்குச் சோதனை?”

“கழற்றி மாட்டும்போது, தளர்ந்திருந்த ஒயர் ஒன்று இறுகியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் சரியானது காயிலால் அல்லவே.”

அடுத்த நாள் அவரே வண்டியைச் சாலையோரமாக மெல்ல ஓட்டிச் சென்றார். பழைய காயிலுடன் மிஸ்ஸிங் திரும்பி வந்தது. அதன் பிறகே புதியதை நிலையாகப் பொருத்தினார். காரணம் உள்ளபோது விளைவு உண்டு, இல்லாதபோது இல்லை என்று இருபுறமும் காண்பதைத் தருக்க நூலார் ‘அன்வய வியதிரேகம்’ என்பர். தருக்க நூல் படித்திராத அம்முதியவரின் கைகள் அதை அறிந்திருந்தன.

மனத்தின் மலையேற்றம்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின், புதிய வண்டிகள் பலவற்றில் கணினியே பழுதின் குறியீட்டைப் பதிவு செய்கிறது. எனினும் குறியீடு சுட்டுவது பகுதியை மட்டுமே. உண்மைக் காரணத்தைத் தேடும் கடமை மனிதனிடமே நிற்கிறது.

கோபமும் பொறாமையும் இத்தகைய பழுதுகளே. எவரும் எதிர்த்துப் பேசாத நாளில், ‘சினத்தை வென்றேன்’ என்று எண்ணுவது, பட்டறையில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பழுதில்லை என்பதற்கு ஒப்பாகும். அவமதிப்பு என்னும் ஏற்றத்தில்தான் மனத்தின் உண்மை நிலை தெரியும். தன்னைச் சோதிப்பவன் அந்த ஏற்றத்தில் தன்னைக் கவனிக்க வேண்டும்.

பிறரைப் பற்றிய தீர்ப்பில் இன்னும் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஒருவர் வந்த நாளில் ஒரு பொருள் காணாமல் போனதைக் கொண்டு அவரைக் கள்வர் என்பது, காக்கையின்மேல் பழி போடுவதே. எஞ்சினில் பழைய காயிலை மாட்டிப் பார்க்கலாம். மனிதரை அவ்வாறு மீண்டும் துன்பத்தில் நிறுத்திச் சோதிக்க அறம் இடம் தராது. சோதிக்க இயலாத இடத்தில் தீர்ப்பைத் தள்ளி வைப்பதே நேர்மை. ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லத் துணிந்தவனே தொடர்ந்து தேடுவான். தேடுபவனிடமே உண்மை ஒருநாள் தன்னைக் காட்டும்.