உரித்தும் உறையுளும்

கணவன் மனைவி என்னும் இருவருள் ஒருவர் சிவபதமடைந்த பின்னர், எஞ்சியவர் தாம் இருவரும் கூடி வாழ்ந்த வீட்டிலே எவ்வுரிமை பற்றி இருக்கின்றார்? இது நியாயதுரந்தரர்க்கும் நொத்தாரிசுமார்க்கும் உரிய வினாவென்று பலர் ஒதுக்குவர். தருமம் பயிற்றும் ஆசிரியர்க்கும் இஃது உரிய வினாவாமென்பது எமது துணிபு.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை, 1706ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரின் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்சினால் எழுதப்பட்டு, பன்னிரு முதலிமாரால் ஆராய்ந்து ஒப்பப்பட்டது. அதன்படி, தந்தை இறப்பின் ஆதனம் முழுவதும் பிள்ளைகளை வளர்க்கும் தாயினிடத்தே நிற்கும். பெண்மக்கட்கு மணக்காலத்திலே சீதனங் கொடுத்தல் அவள் கடன். ஆண்மக்களோ அவள் உயிரோடிருக்குங்காறும் யாதுங் கேட்டலாகாது. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச்சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் வேறுமுறை வகுத்தன. தேடியதேட்டத்திற் பாதி எஞ்சியவர்க்காம். முதுசத்திலும் சீதனத்திலுமோ, பிள்ளைகளேனும் நெருங்கிய உறவினரேனும் இருப்ப, அவர்க்குப் பங்கில்லை. 1876ஆம் ஆண்டின் பொதுச்சட்டத்துக்கு உட்பட்டோரிடத்தே இறந்தவரின் ஆதனத்திற் பாதி துணைக்குச் சேர்வதை இதனோடு ஒப்புநோக்குக.

இனி, எம்மூர்களிலே வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனம். அவ்வீட்டுக்கு வந்த கணவர் முப்பதாண்டு தம் சம்பளத்தால் ஓடு மாற்றி, கிணறு கட்டி, மதிலெழுப்பி வாழ்கின்றார். பெற்றோரை முன்னமே இழந்த மனைவி பிள்ளையின்றி இறப்பின், வீடு அவள் உடன்பிறந்தார்க்குச் செல்லும். அந்தியேட்டி முடிந்த மறுநாளே அவர் தம் மைத்துனர் வீட்டு விருந்தாளியாகின்றார். கணவனது முதுசமனையில் இருந்த கைம்பெண்ணின் நிலையும் இதுவே.

இதனினும் மிகுதியாகக் காணப்படுவது மற்றொன்று. பெற்றோர் தாம் குடியிருக்கும் வீட்டையே இளைய மகட்குச் சீதனமாக எழுதிக்கொடுத்து, பின்னர் ஒருவரையொருவர் இழக்கின்றனர். 1983ஆம் ஆண்டின் பின் எம்மவர் பல்லாயிரவர் கடல்கடந்தனர். உரித்தாளர் கனடாவிலே, தாய் கொக்குவிலிலோ கரவெட்டியிலோ. ஒருநாள் அற்றோணித்தத்துவம் வருகின்றது. வீட்டை விலைக்குக் கேட்போரும் வருகின்றனர். தாயை எங்கே இருத்துவதென்னும் பேச்சு அதன் பின்னரே எழுகின்றது! இஃது எல்லா மக்களுக்கும் பொருந்துமென்று யாம் கூறேம். தாயின்பொருட்டே வீட்டை விற்காது வைத்திருக்கும் மக்களும் பலருளர்.

சட்டத்தையே குறைகூறுவார் கூற்றை யாம் முழுதும் ஏற்றுக்கொள்ளோம். தாய்வழி வந்த பொருள் தாயின் மக்கட்கே சேர்தல் வேண்டுமென்பதிலே நியாயமுண்டு. தந்தை மறுமணஞ் செய்யுமிடத்து முதற்றாரத்தின் பிள்ளைகளைக் காப்பது அதுவே. ஆயினும் உடைமை வேறு, உறைதல் வேறு. மண் யார்க்கு என்பதைச் சட்டம் சொல்லுக. அம்மண்ணிலே முதுமையைக் கழிக்க வேண்டியவரை எழுப்பிவிடலாமோ என்பதற்கு விடை மக்களின் நெஞ்சிலே இருத்தல் வேண்டும். நெஞ்சை மட்டும் நம்புவதும் போதாது. சீதனவுறுதியிலே, கொடுப்போர் இருவர்க்கும், அவருள் எஞ்சுபவர்க்கும், சீவியவுரித்து ஒதுக்கப்படுமாயின், மகளின் உரித்துக்கு இழுக்கில்லை. வீடு கைமாறினும் முதியவர் இருக்கை நிலைக்கும். “வெறுமையான உறுதி தருக” என்று வற்புறுத்தும் மாப்பிள்ளை வீட்டார், தாம் கேட்பது வீட்டை மட்டுமன்று, மாமியாரின் கூரையையும் என்பதை உணர்வாராக.

தாயை மூன்று மாதத்துக்கொரு வீடாக முறைவைத்து அனுப்பினோரும், அவள் இறந்தபின் சித்திராபௌர்ணமி விரதத்தை வழுவாது நோற்கின்றனர். விரதத்தை யாம் பழித்தோமல்லேம்.

சைவ ஆசிரியர் பலர் கிராமங்களிலே இன்றும் உறுதி வாசித்துப் பொருள்சொல்ல அழைக்கப்படுகின்றனர். மணவீட்டார் நொத்தாரிசிடம் செல்லுமுன் வரைபைக் கொண்டுவருவாராயின், எல்லைகளையும் பரப்பையும் பார்ப்பதற்கு முன்னே, சீவியவுரித்துப்பற்றிய வரி அதிலே உளதோவென்று பார்த்து, இல்லையாயின் பெண்ணைப் பெற்றோரைத் தனியே அழைத்துக் காரணம் வினாவுக.