நஸீபு என்று சொல்லித் தப்பலாமா?



ஒருவர் மனம் பேதலித்துப் போனால், "அவர் நஸீபு அப்படி" என்கிறோம். குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்த பிள்ளை கெட்டுப்போனாலும் நஸீபையே காரணம் காட்டுகிறோம். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமானின் ஓர் அங்கம். ஆனால், அந்த ஈமானைக் கடமையிலிருந்து தப்பும் வழியாக்கிக் கொள்ளலாமா?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கலந்து, திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதிக்குப் பயந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமாக இருக்கும் பள்ளத்தாக்கில், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்றும் கேட்டார்கள். இது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது.

விதி அல்லாஹ்வுடையது, மேய்ச்சல் நிலத்தைத் தேடும் பொறுப்பு மேய்ப்பவனுடையது. வறண்ட பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒட்டகம் மெலிந்ததற்கு அதன் நஸீபைக் குறை கூறலாகுமா?

மனிதனுக்கு அந்த நிலம் அவன் வீடு, தெரு, மஹல்லா. கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள், வீடு வாசலை இழந்து வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளுடன் சகோதரர்களாக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்காமல், சந்தைக்கு வழி மட்டும் கேட்டு, உழைத்து உயர்ந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் பசுமையான பக்கம்!

வறண்ட பக்கமும் நம் அருகிலேயே உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியவை மனிதக் கைகள் அல்லவா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஆனால், நோயாளியை ஊரார் கண்ணில் படாமல் மறைக்கச் சொல்லும் வெட்கத்தை எந்தச் சட்டம் அகற்றும்?

அதை நாம்தான் அகற்ற வேண்டும். நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத்; அது மனம் நொந்தவருக்கும் உரியதே. பைத்தியம் என்று பெயர் சூட்டாதீர்கள். துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வழிச்செலவுக்கு இல்லாத குடும்பத்துக்கு ஜமாஅத் கைகொடுக்கட்டும்.

நம் மஹல்லாக்களைப் பசுமையான பக்கமாக்க வல்ல ரஹ்மான் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.