பிள்ளைக்கு நன்றிக்கடன் இல்லை

உக்ரைனிலிருந்து வெளிநாட்டுப் பெற்றோரிடம் தத்துப் போனவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தைகள் அல்லர். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து போகும்போதும், கடும் நோயுள்ள பிள்ளைகள் விஷயத்திலும் தவிர, ஐந்து வயது நிரம்பாத பிள்ளையை வெளிநாட்டவர் தத்தெடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அமெரிக்காவுக்கோ இத்தாலிக்கோ போய்ச் சேர்ந்த பிள்ளைக்குப் பெற்றவளின் முகம்கூட நினைவிருக்கலாம். படுத்த கட்டில், பக்கத்துக் கட்டில் தோழி, காலையில் கிடைத்த கிரெச்கா என்ற தானியக் கஞ்சி, எல்லாமே நினைவிருக்கும். இப்படி ஒரு வாழ்க்கையை ஏற்கெனவே வாழ்ந்துவிட்டு வரும் பிள்ளை, தன்னை எடுத்து வளர்ப்பவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் தெருவில் ஒரு தம்பதி, போருக்கு முன்பு, உக்ரைனிலிருந்து ஓர் அக்காவையும் தம்பியையும் தத்தெடுத்து வந்தார்கள். கீவ் நகரத்தில் அரசுத் துறை காட்டிய கோப்புகளைப் பார்த்து, அங்கிருந்து பிள்ளைகளின் ஊருக்கு ரயிலேறி, நீதிமன்றத்தில் நின்று, தீர்ப்புக்குப் பிறகும் மேல்முறையீட்டுக்கான 30 நாள் காத்திருந்து கூட்டி வந்தார்கள். பிள்ளைகளுக்குச் சம்மதமா என்றும் நீதிமன்றத்தில் கேட்டார்களாம். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. தம்பியும் தன்னோடு வருவான் என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகே அவள் சரி என்றாள்.

அதுவரை இருவரும் இருந்தது இன்டர்நாட் எனப்படும் அரசு விடுதியில். சோவியத் காலத்திலிருந்து தொடர்ந்து வந்த ஏற்பாடு அது. அநாதை இல்லம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கிருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமை, குடி, நோய், சிறை என்று ஏதோ ஒன்று பிள்ளையை விடுதி வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தது. இந்த இருவருக்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள். வயதாகிப்போய் அவளால் வைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

புது வீட்டில் தம்பி சீக்கிரமே ஒட்டிக்கொண்டான். அக்காதான் ஒட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் தம்பியின் தட்டை முதலில் தன் பக்கம் இழுத்து, இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தன் தட்டைத் தொடுவாள். அவனை அந்த அம்மா குளிப்பாட்டப் போனால் குளியலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நடு இரவில் எழுந்து அவன் கட்டிலில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பாள். வருஷக்கணக்காக அவனுக்குத் தாயாக இருந்தவள் அவள். அந்த வேலையை அவளிடமிருந்து திடீரென்று பிடுங்கிக்கொண்டு, 'இனி நீ குழந்தையாக இரு, விளையாடு' என்றால் எப்படி முடியும்? அவளிடம் சொந்தமாக இருந்த ஒரே பொறுப்பு, ஒரே பெருமை, அதுதான்.

அந்த அம்மா செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர் பிடுங்கவில்லை, அவளிடமே கேட்டார். இவனுக்கு எது பிடிக்கும், காய்ச்சல் வந்தால் என்ன கேட்பான், இடி இடித்தால் பயப்படுவானா என்று, கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு, மாலை நேரங்களில் அவளிடம் பாடம் கேட்டார். சொல்லச் சொல்ல அவளுடைய இறுக்கம் தளர்ந்தது. மாதங்கள் கழித்து ஒரு நாள் தம்பியை விட்டுவிட்டுத் தனியாக சைக்கிள் எடுத்துக்கொண்டு தெருவில் போனாள். அந்த வீட்டுக்கு அதுதான் பெரிய செய்தி.

ரொட்டித் துண்டுகளைத் தலையணை உறைக்குள் பதுக்கும் பழக்கம் இருவருக்கும் இருந்தது. அதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் ரொட்டியும் ஆப்பிளும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். டெக்சஸில் கேரின் பர்விஸ், டேவிட் கிராஸ் என்ற உளவியலாளர்கள் இத்தகைய பிள்ளைகளுக்காக வகுத்த வளர்ப்பு முறையும் இதைத்தான் சொல்கிறது: கண்டிப்பதற்கு முன் நம்பிக்கை வர வேண்டும். இன்னொன்றும் செய்தார்கள். விடுதியில் ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். தன் ஆள் யார் என்று தெரியாத தவிப்பும் அதில் உண்டு. அதனால் முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவதும் அணைப்பதும் பரிசு கொடுப்பதும் பெற்றோர் மட்டுமே. தீபாவளிக்கு நான் கொண்டுபோன லட்டுகூட அந்த அம்மாவின் கை வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போனது. எனக்கு அது சரியாகவே பட்டது.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-ல் தொடங்கி, விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள் என்று அது காட்டியது. பிந்தி வந்தவர்களும் தேறுகிறார்கள், ஆனால் மெல்ல, சில காயங்களோடு. சோறும் துணியும் கிடைத்தும் தனக்கென்று ஓர் ஆள் இல்லாத குழந்தைக்கு வந்த நஷ்டம் அது. அந்த நஷ்டத்தைப் பிள்ளை உண்டாக்கவில்லை. பெரியவர்களின் உலகம் அதற்குத் தர வேண்டியதைத் தாமதமாகத் தருகிறது. தாமதமாக வந்ததற்கு நன்றி சொல் என்று எப்படிக் கேட்பது?

செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்த மரபு நம்முடையது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டுப் பெற்ற உதவிக்கும், கேட்காமலே ஒருவர் செய்த உதவிக்கும் உரியது. வளர்க்கப்படுவது உதவி அல்ல, பிள்ளையின் உரிமை. 'நீ என் அம்மா இல்லை' என்று அந்தப் பெண் கத்திய நாட்கள் இருந்தன. கத்த முடிகிற வீடு என்று அவள் நம்பத் தொடங்கியதன் அடையாளமாகவே அதை நான் பார்க்கிறேன். நன்றிக்குக் கட்டுப்பட்ட பிள்ளை கத்தாது. நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருக்கும்.

பழைய வாழ்க்கையை அழித்துவிட்டுப் பாசம் காட்ட முடியாது என்பதற்குப் போரே சாட்சி. 2022-ல் படையெடுத்த ரஷ்யா, உக்ரைன் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. உக்ரைனில் உறவினர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ரஷ்யக் குடியுரிமை கொடுத்து வேறு குடும்பங்களில் சேர்த்தது. காப்பாற்றினோம் என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று புதினுக்கும், அவருடைய பிள்ளைகள் உரிமை ஆணையர் மரியா லிவோவா-பெலோவாவுக்கும் பிடியாணை பிறப்பித்தது. போர் தொடங்கியதும் உக்ரைன் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்ததும் இந்தப் பயத்தால்தான்: குழப்பத்தில் எந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடக்கூடாது. முன்பே ஒரு பிள்ளையைச் சந்தித்துக் காத்திருந்த பெற்றோருக்கு அது பெரும் துயரம். இருந்தாலும் அந்த முடிவு சரி. எங்கள் தெருப் பிள்ளைகளின் பாட்டிக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி போகிறது. அழைப்பைப் போட்டுக் கொடுப்பது வளர்ப்பு அப்பா.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தத்துப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால், அது உக்ரைன் பிள்ளையோ நம் ஊர்ப் பிள்ளையோ, அதன் முன்னால் 'நீ கொடுத்து வைத்தவள்' என்று சொல்லாதீர்கள். பெற்றோரிடம் 'உங்களுக்குப் புண்ணியம்' என்றும் சொல்ல வேண்டாம். மற்ற வீடுகளில் கேட்பதுபோல, பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது, என்ன விளையாடுகிறாய் என்று கேளுங்கள். அது போதும்.