மெலிவு துறவாகுமா?

2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பழுப்பு நிறக் காகித உறையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து மேக்புக் ஏர் மடிக்கணினியை உருவி எடுத்தார். எடை 1.36 கிலோ. தடித்த பகுதிகூட இரண்டு சென்டிமீட்டரைத் தொடவில்லை. டிவிடி தட்டு இல்லை, யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. ஜாப்ஸ் ஜென் பயின்றவர். அவருடைய திருமணத்தை நடத்திவைத்தவரும் கோபுன் சினோ என்ற ஜென் குருதான். அதனால் அந்த மெலிவில் ஒரு துறவு மனத்தைக் காணத் தோன்றுவது இயல்பு. ஆனால் எடை குறைவதும் பற்று குறைவதும் ஒன்றல்ல.

துறவைப் பற்றி மிகக் கறாராகச் சிந்தித்தவர்கள் சமணர்கள். திகம்பர முனிவர் கையோடு வைத்திருக்கும் மிகச் சில பொருள்களில் மயிற்பீலியும் ஒன்று. கனமே இல்லாத பொருள்தான். ஆனால் கனமில்லை என்பதற்காக அது ஏற்கப்படவில்லை. மயில் தானாக உதிர்த்த இறகுகளால் கட்டப்பட்டது அது. உட்காருமுன் அந்த இடத்திலுள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்காக இருப்பது. எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்படுகிறது, யாரை வருத்தியது என்று கேட்பதுதான் அபரிக்கிரகம் எனப்படும் பற்றின்மை. அதற்குத் தராசு தேவையில்லை. இதே கேள்விகளை மெல்லிய கணினியிடம் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. 2012-இல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவை மெலியவைத்தபோது மின்கலம் உடலோடு பசையால் ஒட்டப்பட்டது. 2015-இல் வந்த 920 கிராம் மேக்புக்கில் விசைகளின் உயரமும் குறைக்கப்பட்டது. துகள் புகுந்தாலே எழுத்து இரட்டிக்கும், அல்லது விழாது. பழுது பார்ப்பதென்றால் விசைப்பலகை, மேற்கூடு, மின்கலம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நம் தோளிலிருந்து இறங்கிய சுமை இன்னொருவர் வாசலில் இறக்கிவைக்கப்பட்டது, அவ்வளவுதான். 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால்பங்குகூட இல்லை.

மெல்லிய கருவிக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் குறைவாகத்தானே ஆகும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மடிக்கணினியால் உண்டாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது செய்யப்படும்போதே வெளியேறிவிடுகிறது. பத்தாண்டு உழைக்கக்கூடியதை ஐந்தாண்டில் தூக்கிப்போட்டால் இரண்டாவதாக ஒன்று செய்தாக வேண்டும். சேமித்த கிராம்கள் அங்கேயே கரைந்துவிடும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: நாள் முழுதும் கணினியைத் தோளில் சுமந்து அலைபவருக்கு ஒரு கிலோ குறைவது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை, மறுப்பது நியாயமுமில்லை. ஆறுதலை ஆறுதல் என்றே சொல்வோம். அதற்குத் துறவின் பெயரைச் சூட்டும்போதுதான், ஒட்டிய பசையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

பசை மெலிவுக்குக் கொடுத்தே தீரவேண்டிய விலையும் அல்ல. 2021-இல் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோ, 16.2 மில்லிமீட்டரிலிருந்து 16.8 மில்லிமீட்டராக மட்டுமே தடித்தது. கைவிடப்பட்ட எச்டிஎம்ஐ துளையும் மெமரி கார்டு துளையும் திரும்பி வந்தன. மின்கலத்தின் அடியில், இழுத்தால் கழன்று வரும் பட்டைகள் இருந்தன.