நம் கையில் இருக்கும் பிறர் பொருள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் பக்கத்து மணலியிலும் அதே சரக்கு ஏறத்தாழ 700 டன் கிடப்பது அதற்குப் பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. 2015-ல் இறக்குமதியாகி, சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு அது. ஐந்தாண்டுகள் கன்டெய்னர்களில் இருந்தது. பெய்ரூத் செய்திக்குப் பிறகே ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அல்லாஹ் பாதுகாத்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "பார்த்துக்கொள்கிறேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதவருக்கும், கையில் இருக்கும் பொருள் மீது பொறுப்பு உண்டா?

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஜூனாகத் சமஸ்தானச் சுங்க அதிகாரிகள் மேமன் முஹம்மது ஹாஜி ஹஸன் என்பவரின் லாரிகளைப் பறிமுதல் செய்தார்கள். அவர் மேல்முறையீடு செய்திருந்தார். அது முடிவதற்குள், உரிமை கோரப்படாத சொத்து என்று சொல்லி வண்டிகள் விற்கப்பட்டுவிட்டன. பிறகு, திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. கொடுக்க வண்டி இல்லை! "எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லையே" என்று அரசு வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திருப்பித் தர வேண்டி வரலாம் என்ற நிலையில் பொருளைக் கையில் வைத்திருப்பவர், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அதைப் பாதுகாத்தே ஆக வேண்டும் என்று கூறியது.

நம் ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு ஓர் எளிய உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் துணி காற்றில் பறந்து வந்து உங்கள் வீட்டில் விழுகிறது. நீங்கள் கேட்கவில்லை, அவர் தரவும் இல்லை. ஆனாலும் அது உங்களிடம் அமானிதம். உரியவர் யாரென்று தெரிந்தால் உடனே அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும். முடிந்தும் தாமதித்து, அது பாழானால் நீங்கள்தான் ஈடு தர வேண்டும்.

சரி, எவ்வளவு கவனம் போதும்? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு சொல்லும் அளவுகோல் இதுதான்: சாதாரண விவேகமுள்ள ஒருவர், அதே சூழ்நிலையில், அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பாரோ, அப்படி. ஷரீஅத்திலும், ஒப்படைக்கப்பட்ட பொருள் அவரது வரம்புமீறலோ அலட்சியமோ இல்லாமல் அழிந்தால், வைத்திருந்தவர் மீது ஈடு இல்லை.

"அல்லாஹ்வின் நாட்டம்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மெக்கானிக் ஷெட்டில் பழுது பார்க்க விட்ட பைக்குகள் மூழ்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் எச்சரிக்கையைக் கேட்டதும் தன் சொந்த வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தியவர், வாடிக்கையாளரின் வண்டியைப் பள்ளத்திலேயே விட்டிருந்தால்? அங்கே மழையைக் காரணம் காட்ட முடியாது. தன் பொருளுக்கு ஒரு கவனம், பிறர் பொருளுக்கு ஒரு கவனம் என்று அவர் பிரித்ததுதான் குற்றம்.

இன்னும் இரண்டு இடங்களில் நாம் சறுக்குகிறோம். ஒன்று, தாமதம். உரியவர் கேட்ட பிறகும் காரணமின்றி இழுத்தடித்தால், அதற்குப் பின் எதிர்பாராமல் அழிந்தாலும் பொறுப்பு நம்முடையதே. சட்டத்தின் 161-வது பிரிவும் இதையே சொல்கிறது. மற்றொன்று, கைமாற்று. வெளிநாடு போகிறவர் தந்துவிட்டுப் போன பணத்தை, ஜமாஅத்தின் ஜகாத் பணத்தை, "மாதக் கடைசியில் வைத்துவிடலாம்" என்று அனுமதியின்றி எடுப்பது. திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தாலும் எடுத்த நிமிடமே அது அமானித மோசடி.

ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்கள் நபி (ஸல்) அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளுக்கே அந்தக் கவனம் என்றால், நம்மை நம்பியவரின் பொருளுக்கு எவ்வளவு வேண்டும்?

இன்றிரவு வீட்டில் ஒரு தாளை எடுங்கள். யாருடைய நகை, யாருடைய பத்திரம், யாருடைய வலை, யாருடைய பணம் உங்களிடம் இருக்கிறது என்று எழுதி, வீட்டாருக்குக் காட்டுங்கள். நாளை நாம் மவ்த்தாகிவிட்டால், நம் பிள்ளைகள் அதை வாரிசுச் சொத்து என்று பங்கிட்டுவிடக் கூடாது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58-வது வசனத்தில் கட்டளையிட்ட அல்லாஹ், அதை நிறைவேற்றும் தவ்ஃபீக்கையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.