வரவேற்பும் வலையும்

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றொரு பொருள் தமிழில் உண்டு. உற்றாருக்கு இலை போடுவது இல்லறத்தின் இயல்பு. முன்பின் அறியாமல் புதிதாக வந்தவனுக்கு இலை போடுவதே விருந்தோம்பல். அப்படிப் பார்த்தால், ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு முதன்முதலாகப் பல்கலைக்கழகத்திற்குள் காலெடுத்து வைக்கும் மாணவனைவிடச் சிறந்த விருந்தினன் யார்?

இங்கிலாந்தில் அக்டோபர் மாதத் தொடக்கம் இத்தகைய விருந்தினர் வந்து குவியும் காலம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெட்டியும் கையுமாக வந்து இறங்குவார்கள். படகுச் சங்கம், நாடகச் சங்கம், சொற்போர்ச் சங்கம் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்க்கும். அவற்றுக்கு நடுவே கிறிஸ்தவ மாணவர் சங்கத்திற்கும் ஒரு மேசை இருக்கும். அங்கே தேநீர் உண்டு. இன்முகம் உண்டு. "எந்த ஊர்? என்ன படிக்க வந்திருக்கிறாய்?" என்ற விசாரிப்பு உண்டு. கூடவே அடுத்த கூட்டத்திற்கு ஓர் அழைப்பும் உண்டு.

படகுச் சங்கத்தாரும் ஆள் சேர்க்கத்தான் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை யாரும் ஐயுறுவதில்லை. மதத்தின் பெயரால் தேநீர் நீட்டப்படும்போது மட்டும் மனம் சற்றுத் தயங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. படகுச் சங்கம் கேட்பது நம் மாலைப்பொழுதை. மதம் கேட்பது நம்மையே. அதுவும் தனிமையில் வாடும் நேரத்தில் கேட்கிறது. அப்போது நீளும் கை, அணைக்கும் கையா, பிடிக்கும் கையா? நோக்கத்தோடு செய்யும் வரவேற்பு வரவேற்பு ஆகுமா?

இந்தக் கேள்விக்கு ஆக்ஸ்போர்டின் பழைய கதை ஒன்று நல்ல விளக்கம் தருகிறது. 1732இல் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்ற இளைஞன் அங்கே பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தான். குளோஸ்டர் நகரத்து விடுதிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை இல்லை, பணமும் இல்லை. செல்வர் வீட்டு மாணவர்களுக்கு ஏவல் செய்து, அதற்கு ஈடாகக் கல்வி பெறும் பணிமாணவனாகத்தான் அவனால் படிக்க முடிந்தது. பணிமாணவனோடு சரிசமமாக உட்காருவது அன்று பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கம் அன்று.

அதே ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்ற சகோதரர்களைச் சுற்றி ஒரு சிறு குழு இருந்தது. அவர்கள் சேர்ந்து வேதம் படித்தார்கள், நோன்பு இருந்தார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைக் கண்டார்கள். மற்ற மாணவர்கள் அவர்களுக்குப் 'புனிதச் சங்கம்' என்று கேலிப்பெயர் சூட்டினார்கள். கேலி செய்யும் கூட்டத்தின் நடுவே அவர்கள் கோயிலுக்குப் போவதை விட்ஃபீல்டு ஓராண்டுக்கு மேல் தொலைவில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தான். நெருங்கத் துணிவில்லை.

ஒருநாள் ஏழைகள் விடுதியில் ஒருத்தி தற்கொலைக்கு முயன்றாள் என்ற செய்தி அவன் காதுக்கு எட்டியது. சார்லஸ் உதவுவார் என்று எண்ணி, கல்லூரியில் ஆப்பிள் விற்கும் கிழவியிடம் செய்தி சொல்லி அனுப்பினான். "என் பெயரைச் சொல்லிவிடாதே" என்றும் கேட்டுக்கொண்டான். கிழவி சொல்லிவிட்டாள். சார்லஸ் வெஸ்லி செய்தது ஒன்றே ஒன்று: மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குத் தன் அறைக்கு வரும்படி அந்தப் பணிமாணவனை அழைத்தார்.

அந்த அழைப்பில் நோக்கம் இல்லையா? இருந்தது. சார்லஸ் அவனுக்குச் சமய நூல்களைப் படிக்கக் கொடுத்தார். தாம் நம்பிய வழியில் அவனையும் கூட்டிச் சென்றார். ஆனால் எதையும் மறைக்கவில்லை. ஊரே அறிந்து சிரித்த குழு அது. என்ன வீட்டுக்குள் நுழைகிறோம் என்பது விட்ஃபீல்டுக்கு நன்றாகத் தெரியும். நோக்கம் இருப்பது குற்றம் அன்று. நோக்கத்தை ஒளிப்பதே குற்றம். வெறும் சிற்றுண்டி என்று சொல்லி அழைத்து, வந்த பிறகு கதவைச் சாத்திப் பிரசங்கம் செய்தால் அதுதான் வலை.

ஐயம் தீர வேறொரு வழி உண்டு என்பார்கள். கொள்கையைத் தளர்த்தி, எல்லாருக்கும் இசைவாக வாசலை அகலப்படுத்தினால் என்ன? கேம்பிரிட்ஜில் 1877இல் தோன்றிய கிறிஸ்தவ மாணவர் சங்கம் இந்தக் கேள்வியால்தான், பரந்த கொள்கையுடைய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து 1910இல் பிரிந்து வந்தது. எங்கள் நம்பிக்கையின் உயிர்நாடியை விட்டுவிட்டு வரவேற்பதற்கு என்ன இருக்கிறது என்றது ஒரு பக்கம். நம்பிக்கையில் தடுமாறுகிறவனுக்கும் இடம் இல்லாத வீடு என்ன வீடு என்றது மறு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. வாசலை அகலமாக்குவது நல்லதே. சுவர்களையும் சேர்த்து இடித்துவிட்டால் வந்தவன் ஒதுங்க நிழல் இருக்காது.

ஆகவே கொள்கையை விடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அப்படியானால் வரவேற்பை வலையிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? வந்தவன் 'எனக்கு உடன்பாடு இல்லை' என்று சொன்ன மறுநாள்தான் அதைக் காட்டும்.

வெஸ்லி சகோதரர்களுக்கும் விட்ஃபீல்டுக்கும் அந்த நாள் வந்தது. மனிதர் மீட்படைவது இறைவன் முன்பே வகுத்துவிட்ட விதியா, எல்லாருக்கும் திறந்த வழியா என்பதில் கருத்து வேறுபட்டது. ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தை அச்சிட்டார். விட்ஃபீல்டு மறுப்பை அச்சிட்டார். 1741இல் பாதைகள் பிரிந்தன. கசப்பும் இல்லாமல் போகவில்லை. கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை. நட்பு மட்டும் மீண்டும் தளிர்த்தது. 1770இல் விட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, அவர் முன்பே விரும்பியிருந்தபடி, லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லியே. அன்று அழைத்தவர்கள் சீடனைத் தேடி அழைத்தவர்களாக இருந்தால், சீடன் எதிர்த்தவுடன் உறவும் முடிந்திருக்கும்.

இன்றைய மாணவர் சங்கங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளை, தேநீர் கொடுத்தவரிடம் 'மாட்டேன்' என்று சொல்லக் கூசுவான். தலையை ஆட்டுவான், ஒரு கூட்டத்திற்கு வருவான், பிறகு வரமாட்டான். சொல்லாத அந்த மறுப்பையும் கேட்கும் காது அழைத்தவர்களுக்கு வேண்டும். முதல் வாரத்தில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மூன்றாம் வாரத்தில் அவனைத் தெருவில் கண்டும் காணாமல் போனால், அவன் குடித்த தேநீர் அப்போதுதான் கசக்கும். தன்னை ஒரு கணக்கில் எழுதி, பிறகு அடித்துவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

இன்முகம் காட்டுவது எளிது. பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த முகம் மாறாமல் இருப்பது அரிது. கூட்டத்திற்கு ஒருபோதும் வரப்போவதில்லை என்று தெரிந்த மாணவன் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, சங்கத்தார் ஒருவர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தச் சங்கம் நம்புவது எது என்பதை அவன் அன்று அறிந்துகொள்வான். நம்புவதும் நம்பாததும் அவன் விருப்பம்.